வீட்டுப் பெரியவர்களையும் குழந்தைகளையும் படமெடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு சிறு குழந்தைகள், எழுபதைத் தாண்டிய பெற்றோர், கிட் லென்ஸோடு (கேமராவுடன் சேர்த்தே தரப்படும் சாதாரண ஜூம் லென்ஸ்) புதிதாக வாங்கிய ஒரு மிரர்லெஸ் கேமரா, செல்பேசியில் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கும் படங்கள். புகைப்படம் உங்கள் தொழில் அல்ல, ஆர்வம். பின்னணி மங்கி முகம் மட்டும் பளிச்சென்று நிற்கும் படங்களுக்காக விலை உயர்ந்த லென்ஸ் வாங்க வேண்டுமா, மூன்று தலைமுறையையும் எப்படி எடுப்பது, எடுத்ததை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

லென்ஸ் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அங்கிருந்துதான் கிளைக்கிறது.

இன்று எடுக்கும் குடும்பப் படத்தை இன்று பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்த நாளில் உடனிருந்தவர்கள். படத்தில் இல்லாததை அவர்களுடைய நினைவே நிரப்பிக்கொள்ளும். அந்தப் படம் உண்மையில் யாருக்குத் தேவைப்படும் என்றால், நாற்பது ஆண்டுகள் கழித்து அதைக் கையில் எடுக்கிற ஒருவருக்கு. அவர் உங்கள் மகளாக இருக்கலாம். இன்னும் பிறக்காத பேரக்குழந்தையாகவும் இருக்கலாம். உங்கள் தாயாரின் குரலை அவர் கேட்டிருக்க மாட்டார். வீட்டின் கூடம் எப்படி இருந்தது, தாத்தா எந்த நாற்காலியில் உட்காருவார், யார் யாரை ஒட்டி உட்கார்வார்கள், எதுவும் அவருக்குத் தெரியாது. அவரை மனதில் வைத்துக்கொண்டு எடுக்கத் தொடங்கினால் தேர்வுகள் பலவும் தாமாகவே சரியாகிவிடும்.

முதலில் மாறுவது பின்னணி. பழைய படம் ஒன்றை உற்றுப் பாருங்கள். முகத்தைப் பார்த்து முடித்ததும் கண் எங்கே போகிறது? சுவர்க் கடிகாரத்துக்கு, அலமாரியில் அடுக்கியிருக்கும் புத்தகங்களுக்கு, கதவோரம் கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு. எங்கள் குடும்பப் படம் ஒன்றில் ஆண்டு, மாதம் எதுவும் குறிக்கப்படவில்லை. சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் அது எந்த மாதத்துப் படம் என்று கண்டுபிடித்தோம். எடுத்தவர் அந்த நாட்காட்டியைக் கவனித்தே இருக்க மாட்டார். பின்னணியை முழுக்க மங்கச் செய்தால் நாளைய பார்வையாளருக்குக் கிடைக்க வேண்டிய பாதிச் செய்தியை நாமே துடைத்துவிடுகிறோம்.

மங்கல் எவ்வளவு கடுமையானது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 துளையில் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை அகலும்) வைத்து, ஒன்றரை மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். பாட்டியின் மடியில் குழந்தை இருந்தால் இருவரில் ஒருவர்தான் தெளிவாக இருப்பார். அதே கேமராவில் 35 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6, இரண்டரை மீட்டர் தொலைவு என்று வைத்தால் தெளிவான ஆழம் ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிடும். பாட்டி, குழந்தை, அவர்களுக்குப் பின்னால் வாசற்படியில் நிற்கும் அப்பா, மூவரும் படத்துக்குள் வந்துவிடுவார்கள். உங்களுடைய கிட் லென்ஸ் இதைத் தாராளமாகச் செய்யும். கேமரா அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் வகையாக இருந்தால் ஜூமை 23 மி.மீ. அருகில் வையுங்கள், கிடைக்கும் பார்வைக் கோணம் ஏறக்குறைய அதேதான். தனி முகங்களுக்கு 50 மி.மீ. பக்கம் போகலாம்.

முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது லென்ஸைவிட நீங்கள் நிற்கும் தொலைவு. கை நீட்டும் தூரத்தில் செல்பேசியைப் பிடித்து எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கி, வேறு யாரோ போல் ஆகிவிடுவார்கள். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று செல்பேசியில் இரண்டு மடங்கு ஜூமை வைத்தால் முகம் முகமாக வரும். செல்பேசியில் தோலை வழவழப்பாக்கும் அழகூட்டும் வசதி இருந்தால் அதை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். உங்கள் தந்தையின் நெற்றிச் சுருக்கம் பேரனின் நெற்றியில் அறுபது வயதில் வரும்போது, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படமாவது உண்மையாக இருக்க வேண்டும்.

வெளிச்சத்துக்கு ஜன்னல் போதும். நேரடி வெயில் விழாத ஜன்னலுக்குப் பக்கவாட்டில், ஒரு மீட்டர் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். முகத்தின் மறுபாதி இருண்டால் அந்தப் பக்கம் வெள்ளைத் துணியையோ அட்டையையோ பிடித்தால் சரியாகிவிடும். ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் சுருக்கங்கள் ஆழமாகத் தெரியும். முகத்தை ஜன்னலை நோக்கித் திருப்பினால் மென்மையாகிவிடும். இரண்டையும் எடுத்து வையுங்கள். பெரியவருக்கு இரண்டாவது பிடிக்கும், பேரப்பிள்ளைகள் பின்னாளில் தேடப்போவது முதலாவதை. பகலில் எடுக்கும்போது அறை விளக்கை அணைக்க மறக்காதீர்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்: மஞ்சள் பல்பின் வெளிச்சம் சுமார் 2,700 கெல்வின், பகலொளி 5,500 கெல்வின். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் வரும். பிற்பாடு மென்பொருளில் திருத்துவது பெரும்பாடு. மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் பிரதிபலித்தால் மோவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். அதுவும் அவருடைய முகத்தின் ஒரு பகுதிதான்.

ஷட்டர் வேகத்தைப் (கேமராவுக்குள் ஒளி விழும் நேரம்) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓடும் குழந்தைக்கு 1/500 நொடி, உட்கார்ந்து பேசும் பெரியவருக்கு 1/125. அவர் கை நடுங்குகிறவராக இருந்தால் 1/250. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) 3,200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். படத்தில் புள்ளிகள் தெரிவதைக் கண் மன்னிக்கும், ஆடிப்போன முகத்தை மன்னிக்காது. குழந்தையை எடுக்கும்போது முழங்காலிட்டு அதன் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். மேலிருந்து எடுத்த படங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் பெரிய தலையும் சிறிய காலும்தான்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். மூன்று தலைமுறையை எடுப்பது என்றதும் எல்லோரையும் வரிசையாக நிற்க வைப்பதுதான் நினைவுக்கு வரும். அதுவும் வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் தலைமுறைகளுக்கு இடையில் என்ன இருந்தது என்பதைக் காட்டுகிற படம் வேறு. என்னிடம் உள்ளவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, என் தந்தை பேரனுக்கு நகம் வெட்டும் படம். கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருக்கிறது. பையனுடைய சுண்டுவிரலை அவர் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்திருக்கிறார். புறங்கையில் நரம்புகள் புடைத்திருக்கின்றன. பையன் கீழுதட்டைக் கடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறான். இருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. அந்த இருவருக்கும் நடுவே என்ன இருந்தது என்பதை, அவர்களைச் சந்தித்தே இராத ஒருவர்கூட அந்தப் படத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியும்.

இப்படிப்பட்ட வேலைகள் ஒவ்வொரு வீட்டிலும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன: தலை வாரிவிடுவது, பொத்தான் தைப்பது, செருப்பு வார் மாட்டிவிடுவது, கணக்குச் சொல்லிக்கொடுப்பது, ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லிப் பேத்தியைக் கூப்பிடுவது. கைகள் வேலையாக இருக்கும்போது முகம் தன்னை மறந்துவிடும். படமெடுப்பவருக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கைகளைத் தனியாகவும் எடுங்கள். கேமராவை வெளியே எடுத்தவுடன் கிளிக் செய்யத் தொடங்காமல் சற்றுநேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு பேச்சில் கலந்துகொள்ளுங்கள். ஷட்டர் ஓசையை மௌனமாக்கும் வசதி இருந்தால் போட்டுவையுங்கள். நாலைந்து படம் கிடைத்தால் போதும், கேமராவை ஓரமாக வைத்துவிட்டு நீங்களும் போய் உட்காருங்கள். பிள்ளைகளுக்குத் தேவை பெற்றோரின் முகம். கேமராவின் முகம் அவர்களுக்கு அலுத்துப்போய்விடும்.

“இந்த வயதில் என்னை எதற்கு?” என்று மறுக்கும் பெரியவர்களை வற்புறுத்துவதில் பயனில்லை. பழைய ஆல்பத்தைக் கொண்டுவந்து அவர்கள் முன் விரியுங்கள். இது யார், இது எங்கே என்று கேளுங்கள். அவர்கள் படத்தைச் சுட்டிக்காட்டிச் சொல்லத் தொடங்கியதும் முகத்தில் வருகிற உயிரோட்டம் எந்த ஸ்டூடியோவிலும் வராது. அப்போது எடுங்கள். செல்பேசியின் ஒலிப்பதிவையும் அவர்களிடம் சொல்லிவிட்டு ஓடவிடுங்கள். ஒரே அமர்வில் மூன்று வேலைகள் முடிந்துவிடும்: புதிய படம், பழைய படங்களிலிருப்பவர்களின் பெயர்கள், அவர்களுடைய குரல். குரலை நினைவில் பிடித்து வைப்பது முகத்தைவிடக் கடினம்.

இனி, எல்லோரும் சேர்ந்து நிற்கும் படம். முதியவர்களை முதலில் உட்கார வையுங்கள், அவர்களை மையமாக வைத்து மற்றவர்களை நிறுத்துங்கள், குழந்தைகளைக் கடைசியில் அழைத்து வாருங்கள். அவர்களுடைய பொறுமைக்கு ஆயுள் மிகக் குறைவு. இரண்டு வரிசை இருந்தால் எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை வையுங்கள். முன்வரிசையில் இருப்பவரின் கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். அகலமான கோணத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபட்டுப் பருமனாகத் தெரிவார்கள். இடம் இருந்தால் பின்னால் போய் 50 மி.மீ.யில் எடுங்கள். யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடும் பிரச்சினைக்கு ஒரு கணக்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் இதைக் கணக்கிட்டு 2006-இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு) பெற்றார்கள். இருபது பேருக்குக் குறைவான குழு என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றாலும், குறைந்த வெளிச்சத்தில் இரண்டாலும் வகுங்கள். எல்லோரும் கண் திறந்திருக்கும் ஒரு படம் ஏறக்குறைய உறுதியாகக் கிடைக்க அத்தனை கிளிக் வேண்டும். பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கு நல்ல வெளிச்சத்தில் நான்கு. சிறு குழந்தைகள் இருந்தால் நான் அதை இரண்டு மடங்காக்கிவிடுவேன்.

இந்தக் கூட்டுப்படத்தை ஆண்டுதோறும் எடுப்பதுதான் நான் உங்களுக்கு மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் நிக்கோலஸ் நிக்சன் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975-இல் வரிசையாக நிறுத்தி எடுத்தார். அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு ஒரு படம். நால்வரும் நிற்கும் வரிசை மாறவே இல்லை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த டியேகோ கோல்ட்பெர்க் 1976 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 17 அன்று தன்னையும் மனைவியையும், பிறகு பிறந்த மகன்களையும் தனித்தனியாக, முகம் மட்டும் தெரியும்படி எடுத்துவந்திருக்கிறார். கோல்ட்பெர்க்கின் படங்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்க்கும்போது, மகன்கள் தங்கள் தந்தை தொடங்கிய வயதை எட்டுவது கண்முன் நடக்கிறது. தனியாக எடுத்துப் பார்த்தால் அவற்றில் எதுவும் வியப்பூட்டும் படம் அல்ல. நிபந்தனைகள் மாறாமல் இருப்பதில்தான் அதன் பலம். எனவே ஒரே இடம், ஒரே குவியத் தூரம் (லென்ஸின் மி.மீ. அளவு), ஒரே நாள், ஒரே வரிசை என்று முடிவு செய்து எங்காவது எழுதி வையுங்கள். நான் அந்த மி.மீ. அளவையும் கேமரா நின்ற உயரத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். ஒருவர் இல்லாமல் போகும் ஆண்டு வரும். அந்த ஆண்டும் எடுங்கள்; அவருடைய இடத்தை அப்படியே விட்டுவைப்பதா, நெருங்கி நிற்பதா என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும்.

அந்தப் படத்தில் நீங்களும் இருக்க வேண்டும். வீட்டில் கேமரா வைத்திருப்பவர் எந்தப் படத்திலும் இருப்பதில்லை. இது பெரிய இழப்பு. பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் அதன் அளவு தெரியும். ஒரு ட்ரைபாடும் பத்து நொடி டைமரும் போதும். அதைவிட நல்லது கேமராவைக் குழந்தையிடம் கொடுப்பது. பிரான்ஸைச் சேர்ந்த ஜாக் ஆன்றி லார்த்திக் 1894-இல் பிறந்தவர். சிறுவயதில் தந்தை கொடுத்த கேமராவில் தன் அண்ணனையும் உறவினர்களையும் அவர்கள் குதித்ததையும் ஓடியதையும் எடுத்துத் தள்ளினார். 1963-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பெரியவர்களை அண்ணாந்து பார்க்கும் அந்தக் கோணம் பெரியவர்களுக்கு வாய்க்காது. தாமதமாகத் தொடங்குகிறோமே என்று நினைத்தால் பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனை நினைத்துக்கொள்ளுங்கள். 1863-இல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராதான் அவருக்கு முதல் கேமரா. கோழிக்கூண்டைக் கண்ணாடி அறையாக மாற்றி ஸ்டூடியோ ஆக்கிக்கொண்டு உறவினரையும் வீட்டில் வேலை செய்தவர்களையும் பேரனையும் எடுத்தார். இன்று புகைப்பட வரலாற்றில் அவர் இல்லாத அத்தியாயம் கிடையாது.

காப்பாற்றுவது பற்றி. உங்களிடம் பழைய பிரிண்டுகள் இருக்குமானால் அவற்றிலிருந்து தொடங்குங்கள். பலரும் மிகப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான் முதலில் ஸ்கேன் செய்வார்கள். நான் வண்ணப் படங்களை முதலில் செய்யச் சொல்வேன். கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் இருப்பது வெள்ளி. பிரிண்ட் போட்டபோது முறையாகக் கழுவப்பட்டிருந்தால் நூறாண்டு தாங்கும். 1960, 70-களின் வண்ணப் பிரிண்டுகளில் இருப்பவை சாயங்கள். இருட்டில் பூட்டி வைத்தாலும் அவை வெளிறிக்கொண்டேதான் இருக்கும். பசை தடவிய பக்கங்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டும் ஆல்பங்கள் படங்களுக்குப் பகை. முதலில் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்தின் அடியில் விட்டு மெல்ல அறுத்து எடுங்கள். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசனை வந்தால் அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள்; அந்தச் சுருள்களை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதல் வேலையாக ஸ்கேன் செய்யுங்கள். சாதாரண அளவு பிரிண்டுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) போதும், 35 மி.மீ. நெகட்டிவுக்குக் குறைந்தது 2,400 வேண்டும். படத்தின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். அந்தக் கையெழுத்தும் குடும்பச் சொத்துதான்.

பெயர் எழுதுவதை இன்னொரு நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் வீட்டில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்களுக்குப் பிறகு அந்த முகங்கள் வெறும் முகங்கள். “அம்மா, சித்தி” என்று எழுதினால் போதாது. யாருடைய அம்மா என்று நாற்பது ஆண்டு கழித்து யாருக்கும் தெரியாது. முழுப்பெயர், இடமிருந்து வலமாக, ஊர், ஆண்டு. காகிதப் பிரிண்டின் பின்னால் மென்மையான பென்சிலால், விளிம்பை ஒட்டி, அழுத்தாமல் எழுதலாம். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும். கோப்புகளில் படக்குறிப்பைக் கோப்புக்குள்ளேயே பதியும் வசதி பெரும்பாலான புகைப்பட மென்பொருள்களில் உண்டு. அதோடு கோப்பின் பெயரையும் ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்குங்கள். எந்தக் கணினியில் திறந்தாலும் கால வரிசையில் நிற்கும். ஸ்கேன் செய்த கோப்பில் ஸ்கேன் செய்த தேதிதான் பதிவாகும்; அதைத் திருத்தாவிட்டால் உங்கள் தாத்தாவின் திருமணம் இந்த ஆண்டு நடந்ததாகக் காட்டும்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. இந்த விதியை மீறாதீர்கள். கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ வேறு ஊரில் இருக்கும் உடன்பிறந்தவரிடமோ ஒன்று. இதற்கும் மேலாக, ஆண்டுக்கு ஐம்பது படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் போட்டு ஆல்பமாக்குங்கள். பத்தாயிரம் படங்களை யாரும் மரபாகப் பெற விரும்ப மாட்டார்கள், ஐம்பதைப் புரட்டுவார்கள். தேர்வை ஆண்டு முடிந்து சில மாதம் கழித்துச் செய்தால் நல்லது. எடுத்த களிப்பு அடங்கியிருக்கும். எனக்கு ஒரே அளவுகோல்தான்: இந்தப் படம் தொலைந்தால் இதைத் தேடுகிறவர் யாராவது இருப்பாரா?

குழந்தைகளின் படங்களைப் பொதுவெளியில் போடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். செல்பேசிப் படங்களில் எடுத்த இடம் பதிவாகியிருக்கலாம். பகிரும் முன் அதை நீக்குங்கள். பேசத் தெரிந்த குழந்தையிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். முடியாமல் படுத்திருக்கும் பெரியவர்களுக்கும் இதே மரியாதை உண்டு. அந்த நாட்களையும் நான் எடுப்பேன், அவர்கள் சம்மதித்தால். ஆனால் அவை ஆல்பத்துக்கு மட்டும்.

கடைசியாக, மேலே சுருக்கியபோது விட்டுப்போன ஒரு சிறு கேள்வி: ராவா (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), ஜேபெக்கா (சுருக்கப்பட்ட வழக்கமான படக்கோப்பு) என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் பதியுங்கள். திருத்துவதற்கு ரா உதவும். காப்பகத்தில் ஜேபெக் நகல் கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொரு கேமரா நிறுவனத்துக்கும் தனித்தனியான ரா வடிவத்தை வருங்கால மென்பொருள் திறக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.